ஒரு பிரேமுக்குள் இரண்டு பேர்

மருதானைக்குப் போகும் வழியில் ஓட்டோக்காரர் ஒரு கேள்வி கேட்டார். நான் "நெஹே" என்றேன். சிங்களத்தில் 'இல்லை'. நடந்தது அவ்வளவுதான். ஐந்து மாதமாகிறது, அந்தச் சொல் இன்னும் போகவில்லை. நேற்று இரவு சட்டி பானை கழுவிக்கொண்டு நின்றபோதும் வந்து பக்கத்தில் நின்றது. எழுதினாலாவது விட்டுத் தொலைக்குமா என்று பார்க்கிறேன்.

தொடக்கி வைத்தது மகனுடைய வகுப்பு. நாட்டுக்குச் சேவை செய்த குடும்பத்தவர் ஒருவரைப் பற்றி ஒரு செயற்றிட்டம் செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் தபாலதிபர் இருந்திருக்கிறார், மருத்துவிச்சி இருந்திருக்கிறார், புகையிரதத் திணைக்களத்தில் 35 வருடம் கணக்கு எழுதியவர் இருந்திருக்கிறார். மகனுக்கு அவர்கள் ஒருவரும் வேண்டாமாம். ஹோலில் தொங்கும் அம்மப்பாவைத்தான் கொண்டு போவேன் என்று நின்றான். காக்கி உடுப்பும் சரிந்த தொப்பியுமாக அம்மப்பா. படத்துக்குக் கீழே அதே பிரேமுக்குள் நாலு பதக்கம். கண்ணாடியில் ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்கு வெடிப்பு ஓடியிருந்ததால், பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க முன்னம் மாற்றியாக வேண்டும். வெள்ளவத்தையில் கேட்ட இடத்தில் இரண்டு கிழமை ஆகும் என்றார்கள். மருதானையில் ஒரு பழைய படக்கடை இருக்கிறது, இருக்க இருக்கவே செய்து தருவார் என்று யாரோ சொல்லக் கிளம்பினேன்.

ஓட்டோவில் பிரேமை மடியில் வைத்திருந்தேன். ஓட்டுநர் முன்கண்ணாடியில் இரண்டு தரம் பார்த்துவிட்டு, "யார் நங்கி, ஆமியா?" என்று கேட்டார். அம்மாவின் அப்பா, வெள்ளைக்காரன் காலத்து ஆமி என்றேன். அவருக்கு மகிழ்ச்சி. இடது காலைத் தட்டிக் காட்டினார். மரத்தில் தட்டுவது போல ஒரு சத்தம். முகமாலை, 2006. பிறகு ராகமையில், காயப்பட்ட படையினருக்கான ரணவிரு செவனவில் நெடுநாள். சொந்த ஊர் கெக்கிராவைப் பக்கம். குளம் வற்றினால் வயல் இல்லை, அண்ணன் முதலில் போனார், பின்னால் இவர். முதல் சம்பளத்தில் அம்மாவின் வீட்டுக்குக் கூரைத் தகடு வாங்கிப் போட்டாராம். காலைப் பற்றிச் சொன்னதைவிடத் தகட்டைப் பற்றித்தான் அதிகம் சொன்னார். எத்தனை தகடு, என்ன விலை, ஊருக்குக் கொண்டுபோக யாருடைய லான்ட்மாஸ்டர். கேட்கக் கேட்க எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அப்போதுதான் கேட்டார்: "அவருக்குப் பிறகு உங்கள் வீட்டிலிருந்து வேறு யாரும் போகவில்லையா?"

நெஹே.

அவர் கேட்டது ஆமிக்கோ பொலிசுக்கோ போனவர்களைப் பற்றி. அந்தக் கணக்கில் என் பதில் சரி. ஆனால் அந்த நேரத்தில் என் மடியில், அம்மப்பாவின் படத்துக்குப் பின்னால், அதே பிரேமுக்குள் பெரியம்மாவின் மூத்த மகன் இருந்தான். வரிப்புலி உடுப்போடு.

நான் இறங்கும்போது ஓட்டுநர் மீட்டர்படிதான் காசு எடுத்தார். மரியாதைக்காக ஐம்பது ரூபாய் குறைப்பார் என்று நினைத்தேன். குறைக்காதது நல்லதாய்ப் போயிற்று. குறைத்திருந்தால் எந்த முகத்தோடு வாங்கியிருப்பேன்?

டிரைவிங் பழக்குவாங்களாம்

அம்மப்பா 1942இல் சேர்ந்தவர். அந்த வருடம் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, யப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்திலும் இரத்மலானையிலும் குண்டு போட்டபோது, அவர் புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்குப்பிள்ளைக்கு உதவியாள். வயது 22. நாலு நாள் கழித்துத் திருகோணமலை. ஊரெல்லாம் கொழும்பை விட்டு ஓடியது. இவர் மட்டும் போய்ப் பெயர் கொடுத்தார். இலங்கையில் யாரையும் கட்டாயப்படுத்திப் படைக்கு எடுக்கவில்லை, போனவர்கள் எல்லோரும் தாமாகப் போனவர்கள். அம்மாவின் கதையில் அது வீரம். சின்ன மாமாவின் கதையில் அது அரிசித் தட்டுப்பாடு, முகாமில் மூன்று நேரமும் சாப்பாடு. அவரையே கேட்டால், "டிரைவிங் பழக்குவாங்கள் எண்டு சொன்னாங்கள்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. றோயல் ஆமி சேர்விஸ் கோரில் லொறி ஓட்டினார். எகிப்து, பிறகு இத்தாலி. வீட்டுக்குக் கொண்டுவந்த கதைகளில் சண்டையே கிடையாது. தேத்தண்ணியில் விழும் மணல், இத்தாலியில் முதல்தரம் கண்ட பனி, லொறிக்குப் பின்னால் பிஸ்கட்டுக்கு ஓடிவந்த பிள்ளைகள். 1946இல் திரும்பி வந்து, கையில் கிடைத்த காசில் ஒரு றலி சைக்கிள் வாங்கினார். அந்தச் சைக்கிளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பதக்கங்களில் எனக்குப் பிடித்தது ஆபிரிக்க நட்சத்திரம். ஆறு முனை, மணல் நிற நாடா, நடுவில் சிவப்புப் பட்டி. சிறுவயதில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அம்மப்பாவின் பெயரைத் தேடியிருக்கிறேன். பெயர் இல்லை. பிரித்தானியப் படையினருக்கு இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்களைப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதே பதக்கத்தை இந்தியப் படையினருக்கும் அவுஸ்திரேலியருக்கும் பெயர் பொறித்துக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலிருப்பதை நாளைக்குப் பழைய சாமான் கடையில் விற்றால், அது யாருடையது என்று கடவுளுக்கும் தெரியாது.

பெயரில்லாத அந்தப் பதக்கங்கள் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் வெள்ளவத்தையில் இரவுச் சோதனைக்கு வரும்போது அப்பா ஹோல் லைட்டைத்தான் முதலில் போடுவார். ஆட்களின் முகத்துக்கு முன்னால் படம் தெரிய வேண்டும். வயதான பொலிஸ்காரர்கள் என்றால் வேலை செய்யும். குரல் கொஞ்சம் இறங்கும், கட்டிலுக்குக் கீழே பார்க்காமல் போவார்கள். இளம் ஆமிக்காரர்கள் வந்தால் பயனில்லை. ஒருவன் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது எந்த நாட்டு ஆமி?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை.

பெரியம்மா 1997இல் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்து கொழும்புக்கு வந்தபோது, அண்ணாவின் படத்தைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு வந்திருந்தா. அண்ணாவின் பள்ளிக்கூடப் படம் சாமியறையில் பகிரங்கமாகவே இருக்கிறது, வெள்ளைச் சேட்டோடு. இது மற்றது, இயக்கம், அதாவது விடுதலைப் புலிகள், வீட்டுக்குக் கொடுத்தது. எரித்துவிடலாம் என்று அப்பா சொன்னார். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் அம்மப்பாவின் பிரேமைக் கழற்றித் துடைத்து, திரும்ப ஆணியடித்து மாட்டினா. வீட்டில் எல்லோருக்கும் விளங்கியது. ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. 2007 ஜூனில் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழரை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்களே, அந்தக் கிழமை எங்கள் மாடிக்கும் வந்தார்கள். ஒருவர் படத்துக்கு முன்னால் நின்று, "நல்ல படம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சேர்ந்தான், போனான், பிடித்தார்கள்

எங்கள் தமிழில் ஒரு விசித்திரம். சிங்களப் பெடியனைப் பற்றிச் சொல்லும்போது 'ஆமியில் சேர்ந்தான்' என்போம். நம் பெடியன் என்றால் 'இயக்கத்துக்குப் போனான்'. சேர்வது உத்தியோகத்துக்குச் சேர்வது போல. போவது திரும்பி வராமல் இருப்பதற்கு. மூன்றாவது வினை பின்னால் வந்தது: 'பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்'. வன்னியில் கடைசி வருடங்களில் வீட்டுக்கு ஒருவர் என்று கணக்கெடுத்து ஏற்றிப்போன பிள்ளைகளுக்கு உரியது அந்த வினை. பெரியம்மாவுக்குத் தெரிந்த ஒரு தாய், மகளைப் பதுங்குகுழிக்குள் மூன்று மாதம் வைத்துப் பார்த்தும் காப்பாற்ற முடியாமல் போனவர். அந்த அம்மாவுக்கு முன்னால் 'வீரர்' என்று ஒரு சொல் சொல்லிப் பாருங்கள்.

தாமாக வருகிறவர்களுக்கு நல்ல தமிழில் தொண்டர் என்று பெயர். இலங்கை இராணுவத்துக்கு ஒரு தொண்டர் படையே இருக்கிறது, அதன் வேர் 1881 வரை போகிறது. தொண்டர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருகிறவர் அப்பர். அவர் கையிலிருந்த புல் செதுக்கும் கருவிக்கு உழவாரப்படை என்று பெயர். படையும் தொண்டும் எங்கள் மொழியில் இப்படி ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன.

தொண்டராகப் போனவர் எல்லோருக்கும் மரியாதை என்று சொல்வது சுலபம். அம்மப்பா சேர்ந்த அதே 1942 மே மாதம், கொக்கோஸ் தீவில் காவலுக்கு நின்ற இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் வெள்ளை அதிகாரிகளுக்கு எதிராகக் கிளம்பினார்கள். அவர்களும் தாமாகப் பெயர் கொடுத்தவர்கள்தான். கிரேஷன் பெர்னாண்டோவையும் இன்னும் இரண்டு பேரையும் ஓகஸ்ட் மாதம் வெலிக்கடையில் தூக்கில் போட்டார்கள். விஹாரமகாதேவிப் பூங்காவில் நிற்கும் நினைவுத்தூண், முதலில் காலிமுகத்திடலில் நின்றது. யப்பான்காரன் கடலிலிருந்து குறிபார்க்க வசதியாகிவிடும் என்று அதைக் கழற்றிப் பூங்காவுக்குள் கொண்டுபோனார்கள். போரில் செத்தவர்களின் தூணைக்கூட அடுத்த போருக்கு ஒளித்துவைக்க வேண்டியிருந்தது. பிள்ளையோடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு எங்கள் பிரேம்தான் நினைவுக்கு வரும்.

நவம்பர் 11 வந்தால் அங்கே பொப்பிப்பூ, உலகப்போரில் செத்தவர்களின் நினைவுக்கு. மகனும் சேட்டில் ஒன்று குத்திக்கொண்டு வந்தான். 1930களில் இதே கொழும்பில் பொப்பிக்கு எதிராக இளைஞர்கள் சூரியமல் விற்றிருக்கிறார்கள். பொப்பிக் காசின் பெரும்பங்கு பிரித்தானியாவுக்குப் போகிறது, நம் ஊர்ப் பழைய படையினருக்கு மிச்சம் மீதிதான் என்பது கோபம். சூரியமல் என்பது வேறொன்றுமில்லை, நம் பூவரசம்பூ. யாழ்ப்பாணத்தில் அதை யாரும் நெஞ்சில் குத்துவதில்லை. வேலிக்கு நடுவோம், இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவோம். பொப்பிக்கு 16 நாள் கழித்து கார்த்திகைப்பூவின் நாள், இயக்கத்தின் மாவீரர் நாள். அதைக் கொழும்பில் குத்த முடியாது. பெரியம்மா நவம்பர் 27 மாலை 6 மணி 7 நிமிடத்துக்குச் சாமியறையில் ஒரு விளக்கு ஏற்றுவா. விளக்கீடு முன்னே பின்னே வருகிற நாட்கள் என்பதால் பக்கத்து வீட்டுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அண்ணா போனது 1990இல். 91 ஜூலையில் ஆனையிறவில் முடிந்தது. கோப்பாயில் புதைத்தார்கள். இயக்கப் பெயர் மேலே, வீட்டுப் பெயர் கீழே என்று ஒரு கல். ஆமி யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் அதை இடித்தார்கள். 2002க்குப் பிறகு திரும்பக் கட்டப்பட்டது, மறுபடி இடித்தார்கள். 2011இல் அதே நிலத்தில் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் எழும்பியது. கெக்கிராவைப் பெடியன்கள் யாராவது இப்போது அந்த இடத்தில் காவலுக்கு நிற்கக்கூடும். காலுக்குக் கீழே யார் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. போனபோது அண்ணாவுக்கு வயது 17. தானாகப் போனான் என்று சொல்கிறோம். ஒரு வாக்குச் சீட்டில் புள்ளடி போட விடாத வயது அது. 'தானாக' என்ற சொல்லுக்குள் அந்த 17ஐ எப்படித் திணிப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

படக்கடை

கடைக்காரருக்கு எழுபது இருக்கும். வெள்ளைத் தொப்பி, மூக்குக் கண்ணாடி நூலில் தொங்கியது. "நானா, கண்ணாடி மட்டும்தான், பின்பக்கம் திறக்கத் தேவையில்லை" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பின்பக்கம் திறக்காமல் எப்படித் தங்கச்சி கண்ணாடி மாற்றுவது என்று ஒரு குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். வீட்டிலேயே எடுத்துவிட்டுத்தான் வர இருந்தேன். ஆணியெல்லாம் துருப்பிடித்துக் கழரவில்லை. அவர் கொறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார், மட்டையை எடுத்தார். பின்பக்கம் பழுப்பேறிய ஒரு படம். அதன் முகப்பு உள்ளே பார்த்தபடி இருந்தது. மெல்ல இழுத்தார், வரவில்லை. 28 வருடத்துக் கொழும்பு ஈரத்தில் இரண்டு படமும் ஒன்றோடொன்று ஒட்டுப்பட்டுப் போயிருந்தன.

அவசரப்படாமல் கடையின் உட்பக்கம் போய் மெல்லிய சவரத் தகடு ஒன்று கொண்டுவந்தார். கதவைப் பாதி சாத்தினார். ஒரு மூலையிலிருந்து, கோழி இறகு பிடுங்குகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகத் தகட்டை உள்ளே விட்டார். இருபது நிமிடமாவது இருக்கும். வந்துவிட்டது. அண்ணாவின் தோள்பட்டையில் ஒரு துண்டு மட்டும் அம்மப்பாவின் படத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அவர் படத்தைத் திருப்பினார். உடுப்பைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். எனக்கு வாய் காய்ந்து போயிற்று.

"எப்ப போனவர்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே அவர் எங்கள் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிட்டது.

"90இலை. ஆவணியிலை."

"நாங்கள் ஐப்பசியிலை வெளிக்கிட்டனாங்கள்," என்றார். "சோனகத் தெரு. ரெண்டு மணித்தியாலம் தந்தவை."

வடக்கிலிருந்து முஸ்லிம்களை இயக்கம் வெளியேற்றியதைப் பற்றி நான் வாசித்திருக்கிறேன், கண்டித்தும் கதைத்திருக்கிறேன். யாழ்ப்பாண நகரத்தில் அது ஒக்டோபர் 30. அன்றைக்கு அண்ணா எங்கே நின்றான்? ஏதாவது காட்டில் பயிற்சியில் நின்றிருப்பான். அப்படித்தான் இருக்கும். அல்லது சோனகத் தெரு முடக்கில் துவக்கோடு நின்றிருப்பான். அவன் நல்லவன் நானா, அப்படிச் செய்திருக்கமாட்டான் என்று சொல்ல வாய் வந்தது. எந்தத் தைரியத்தில் சொல்வது? 35 வருடமாக அவனுக்காக அழுதிருக்கிறோம், விளக்கேற்றியிருக்கிறோம், ஒளித்திருக்கிறோம். அவன் என்ன செய்தான் என்று ஒருநாளும் ஒருவரும் கேட்டதில்லை. ஏன் போனான் என்றுகூடக் கேட்டதில்லை. ஓட்டோக்காரர் தன் தகட்டுக் கதையை யாரோ கேட்கமாட்டார்களா என்று காத்திருந்ததைப் போலத்தான் சொன்னார். அம்மப்பாவின் 'டிரைவிங் பழக்குவாங்கள்' கதையைப் பொய்யென்று சிரித்துவிட்டு, வீரக்கதையை நாங்களே உண்டாக்கி அவருக்குப் போர்த்திவிட்டோம். படத்தை மாட்டினால் போதும், ஆளைக் கேட்க வேண்டியதில்லை என்பது போல.

நானா வேறொன்றும் கேட்கவில்லை. புதுக் கண்ணாடியை வெட்டினார். பதக்கங்களைத் துணியால் துடைத்தார், நாடாவை இழுத்து நேராக்கினார். அம்மப்பாவின் படத்தை வைத்தார். அதன் மேல் ஒரு மண்ணிறக் கடதாசியை அளவுக்கு வெட்டி விரித்தார். அப்புறம் அண்ணாவின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "உள்ளுக்கே வைக்கட்டோ?" என்றார்.

தலையாட்டினேன். வைத்தார். மட்டையைப் போட்டு ஆணியடித்தார். "கடதாசி போட்டிருக்கு, இனி ஒட்டாது" என்றார். 1,800 ரூபாய். அவரும் குறைக்கவில்லை.

மகனுடைய செயற்றிட்டத்துக்கு நல்ல புள்ளி. பிரேமை ஒரு கிழமை பள்ளிக்கூடத்தில் பார்வைக்கு வைத்திருந்தார்கள். அந்தக் கிழமை முழுக்க நான் நித்திரை கொள்ளவில்லை. பெரியம்மா நன்றாகக் கொண்டா.

போன கிழமை 27ஆம் திகதி. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெரியம்மா கதிரையில் சாய்ந்திருந்தா. நான் பக்கத்தில் நிலத்தில் இருந்து கேட்டேன். "பெரியம்மா, அண்ணா ஏன் போனவர்?"

அவ உடனே பதில் சொல்லவில்லை. மகன் உள்ளே ஏதோ விளையாட்டில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். கேள்வியை விட்டுவிட்டா என்றுதான் நினைத்தேன்.

"டியூசனுக்கு எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவன்," என்றா. "அப்புவின்டை சைக்கிளிலை." அப்பு என்பது அம்மப்பா, சைக்கிள் அந்த றலி. 90இல் சண்டை திரும்பத் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை, சைக்கிள் இல்லாவிட்டால் பெரியப்பா வேலைக்குப் போக முடியாது. "பொழுதுபட்டும் ஆளைக் காணேல்லை. நான் படலையிலை நிக்கிறன். அவனோடை படிச்ச பெடியன் ஒருத்தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாறான். அப்பாவுக்குக் காலமை வேலைக்குத் தேவைப்படும், குடுத்துவிடு எண்டு சொன்னவனாம்."

அம்மப்பா வெளியே வந்து சைக்கிளை வாங்கினாராம். ஒன்றும் கேட்கவில்லை. விறாந்தையில் நிறுத்தி, பழக்கத்தில் டயரை அமத்திப் பார்த்தாராம். பின்சில்லு ஒரு மாதமாகவே காற்றுப் போகிற சில்லு.

"காத்தும் அடிச்சுத்தான் விட்டிருந்தவன்," என்றா பெரியம்மா.